பதினான்காம் டப்பா

நண்பர்களே, விழா மலருக்கு ஒரு பக்கம் எழுதிக் கொடு என்று நான்கு முறை போன் செய்தீர்கள். நான்காவது முறை குரலில் சலிப்பு இருந்தது, கவனித்தேன். சின்ன மடத்தில் ஒன்றாகப் படுத்து எழுந்த பதினான்கு பேரில் இன்று உயிரோடு இருப்பது பத்துப் பேர். விழா நாயகரைக் கழித்தால் ஒன்பது. என்னைக் கழித்தால் எட்டு. அந்த எட்டுப் பேரும் சேர்ந்து வேலையை என் தலையில் கட்டிவிட்டீர்கள்.

“குருவாகி நாற்பது வருஷம் ஆகுது. சின்ன வயசுல அவரோட பக்தி எப்படி இருந்ததுன்னு நீதான் எழுதணும். பக்கத்துப் பாய் நீதானே” என்றீர்கள். பக்கத்துப் பாய்தான். இரண்டு பாய்க்கும் நடுவே ஒன்றரை முழம். ஆனால் விழா மலரில் எழுதுகிறவன் பொறாமைப்படக் கூடாது. எனக்கு அது முடியாது. அறுபத்தேழு வயதில் முழங்கால் இரண்டும் போய்விட்டன. பொறாமை மட்டும் அப்படியே இருக்கிறது.

உங்களுக்குத் தெரிந்த சிலவற்றையும் சொல்லித்தான் ஆக வேண்டும். மலரைப் படிக்கப்போகும் பங்கு மக்களுக்கு அவை தெரியாது.

எழுபதுகளின் தொடக்கம். ஜமுனாமரத்தூர் சந்தையிலிருந்து நடந்தால் ஒன்றேகால் மணி நேரத்தில் வரும் மலைமேல் தகரக் கூரைக் கொட்டகை, அதுதான் சின்ன மடம். ஒரு முனையில் கோவில், நடுவில் படிப்பும் சாப்பாடும், மறுமுனையில் பதினான்கு பாய்கள். குருவாகப் போகிறோம் என்று வந்த பையன்களை மூன்று வருடம் அங்கே வைத்துப் பார்த்துவிட்டு, தேறியவர்களைச் சமவெளியில் இருக்கும் இளங்குருமடத்துக்கு அனுப்புவார்கள். அதிபர் சாமி தெற்கத்திக்காரர். குளிரும் கேழ்வரகுக் கூழும் தாங்குகிறவனுக்குத்தான் தேவ அழைத்தல் இருக்கிறது என்று நம்பியவர். நம்மைப் பெயர் சொல்லி அழைக்க மாட்டார். துணி, தட்டு, பாய் எல்லாவற்றிலும் இருந்த எண்ணைச் சொல்லித்தான் கூப்பிடுவார். நான் ஒன்பது. அவர் பதினான்கு.

இனி அவரைப் ‘பதினான்கு’ என்றே எழுதுகிறேன். ‘தந்தை’ என்று எழுதினால் என் கை ஓடவில்லை.

காலை ஐந்து மணிக்கு அதிபர் சாமி கை தட்டி “பெனெதிக்காமுஸ் தோமினோ” என்பார். கண்ணைத் திறப்பதற்குள் “தேயோ கிராத்தியாஸ்” என்று நாம் பதில் சொல்ல வேண்டும். பூசையே தமிழுக்கு வந்துவிட்டது. நம்மை எழுப்புவது மட்டும் லத்தீனில் நின்றது. பிறகு தொட்டித் தண்ணீர். மாசி மாதத்தில் அந்தத் தண்ணீர் முகத்தில் பட்டால் பல் வரை வலிக்கும். இருபது நிமிடத் தியானம், பூசை, கஞ்சி வரும்வரை மௌனம். மதியம் சாப்பாட்டுக்கு முன் ஐந்து நிமிடம் ஆன்ம சோதனை. மூன்று மணிக்கு நற்கருணைச் சந்திப்பு. மாலையில் களத்தைச் சுற்றி நடந்தபடி செபமாலை. ஒரு நாளைக்குப் பத்தொன்பது மணி அடிக்கும். பதினோரு தடவை முழங்காலில் நிற்போம். இதை எண்ணியது நான் ஒருவன்தான் என்று நினைக்கிறேன். தியானத்தில் எனக்கு வேறு எதுவும் வராது, எண்ணிக்கைதான் வரும். கூரைத் தகரத்தில் நூற்று அறுபத்திரண்டு ஆணிகள் இருந்தன.

ஈஸ்டருக்கு முந்தைய நாற்பது நாள் தவக்காலம் வந்தது. சாம்பல் புதன் அன்று அதிபர் சாமி கோவில் சன்னல் விளிம்பில் பதினான்கு காபித்தூள் டப்பாக்களை வரிசையாக வைத்தார். ஒவ்வொன்றிலும் சிவப்புப் பெயிண்டால் எண். வாசலில் ஒரு கூடை நிறைய புளியங்கொட்டை. மலை முழுவதும் புளி தட்டும் பருவம் அது, கொட்டைக்குப் பஞ்சமில்லை.

“ஆயர் ஆண்டகையின் நாம விழாவுக்கு ஞானப் பூச்செண்டு கொடுக்கப்போகிறோம்” என்றார். “பூவே இல்லாத பூச்செண்டு. எத்தனை பூசை கண்டோம், எத்தனை செபமாலை சொன்னோம், எத்தனை ஒறுத்தல் செய்தோம் என்று அட்டையில் எழுதி அனுப்புவோம். உங்களுக்குப் பிடித்த ஒன்றை இயேசுவுக்காக விட்டுக்கொடுத்தால் அது ஒறுத்தல். ஒன்றுக்கு ஒரு கொட்டை. என்ன செய்தீர்கள் என்று யாரிடமும் சொல்லக் கூடாது. சொன்னால் பலன் போய்விடும்.”

நண்பர்களே, என்னைப் போல ஒருவனுக்கு அதைவிட நல்ல பக்தி முயற்சி வேறு கிடையாது. முதல் முறையாகக் கடவுளை என்னால் எண்ண முடிந்தது. வெல்லக்கட்டியைப் பக்கத்துப் பையனுக்குக் கொடுத்தேன்: ஒன்று. கொசு கடித்த இடத்தைச் சொறியவில்லை: ஒன்று. பூசையில் நாய் உள்ளே வந்தபோது எல்லோரும் திரும்பினீர்கள், நான் திரும்பவில்லை: ஒன்று. அந்தச் சனிக்கிழமை அதிபர் சாமி ஒவ்வொரு டப்பாவாகத் தட்டில் கவிழ்த்து எண்ணி உரக்க வாசித்தார். எனக்கு நாற்பத்தொன்று. நான்தான் முதல். பதினான்குக்குப் பதினேழு.

அடுத்த சனிக்கிழமை எனக்கு நாற்பத்து நான்கு. பதினான்குக்கு அறுபத்து மூன்று.

மூன்றாம் வாரம் ஐம்பத்தெட்டு. அவனுக்குத் தொண்ணூற்று ஏழு. நான்காம் வாரம், சட்டைக்குள் சரளைக்கல் போட்டுக்கொண்டெல்லாம் எழுபத்தொன்று சேர்த்தேன். அவனுக்கு நூற்றுப் பதினெட்டு. அதிபர் சாமி எண்ணி முடித்ததும் எழுந்து போய் அவன் தலையில் கை வைத்தார். அவர் கண் கலங்கியிருந்தது. அந்தக் கை என் தலையில் பட்டது மொத்தம் இரண்டு முறை. ஒன்று ஆசீர்வாதம், மற்றது பேன் பார்க்க.

பதினான்கு நெல்லிவாசல்நாட்டுப் பக்கத்துப் பையன். மலையிலிருந்தே மடத்துக்கு வந்த முதல் ஆள். அவன் அப்பாவுக்கு நெஞ்சு நோய் வந்து, கன்னியர் மடத்து ஆஸ்பத்திரியில் மாதக்கணக்கில் கிடந்து பிழைத்தார்; பிழைத்த கையோடு குடும்பமே ஞானஸ்நானம் வாங்கியது. செபம் அவனுக்குப் பாதிதான் தெரியும். பாடினால் ஒரு சுதிக்குக் கீழே போகும். ஆனால் பூசைக்கு முழங்காலில் நின்றால் நட்ட கல் மாதிரி நிற்பான். பக்கத்தில் நான் ஆணிகளை எண்ணிக்கொண்டிருப்பேன்.

அந்த வருடம் எட்டாம் வகுப்பு முடிக்கவிருந்தது இரண்டே பேர், நானும் அவனும். இளங்குருமடத்தில் நம் மடத்துக்கு ஓர் இடம்தான். நான் மூன்று வருடம் காத்திருந்தேன். அவன் வந்து பத்து மாதம்.

அவனைக் கண்காணிக்கத் தொடங்கினேன். வெல்லக்கட்டியை முழுதாகத் தின்றான். கொசு கடித்தால் நன்றாகச் சொறிந்தான். ஆனால் முற்றம் பெருக்கிக்கொண்டிருப்பவன் திடீரென்று துடைப்பத்தோடு நின்று கிழக்கே பார்ப்பான். பிறகு கோவிலுக்குள் போவான். ‘டங்’ என்று ஒரு சத்தம். அவன் டப்பாவின் சத்தம் எனக்கு மனப்பாடம். படிப்பு நேரத்தில் கேட்கும், கஞ்சி வரிசையில் கேட்கும். ஒவ்வொரு ‘டங்’கையும் எண்ணினேன்.

மூன்று முறை அதிபர் சாமியிடம் கோள் சொன்னேன். தியானத்தில் தூங்குகிறான் என்றேன். நற்கருணை அப்பத்தைக் கரைய விடாமல் பல்லால் கடிக்கிறான் என்றேன். அப்போது அது பெரிய குற்றம். மறைக்கல்வி சொல்லித்தரும் உபதேசியாரைப் பின்னால் கேலி செய்கிறான் என்றேன். முதலாவது பாதி உண்மை. மற்ற இரண்டும் பொய்.

ஐந்தாம் வாரம் விறகு பொறுக்கப் போன இடத்தில் அவனைத் தனியாகப் பிடித்தேன்.

“டேய், நீ சும்மா சும்மா கொட்ட போடுறடா. உங்க வூட்ல மூட்ட மூட்டையா புளி தட்டுறாங்க. உனக்குக் கொட்ட இன்னா பெரிசா?”

“சும்மா போடல.”

“அப்ப இன்னாத்துக்குப் போடுற? வெல்லம் துன்ற, சொறிஞ்சிக்கிற, குறட்ட வுடற. எது ஒறுத்தல்?”

“சொல்லக் கூடாதுன்னு சாமி சொல்லிக்குதே.”

“பொய்க் கொட்ட போட்டுட்டு நற்கருண வாங்குனா சாவான பாவம் தெரியுமா? நேரா நரகம்.”

அவன் முகம் வெளுத்துப்போனது. அவனுக்கு நரகம் புதுசு. வந்து பத்து மாதம்தானே. விறகுக் கட்டைக் கீழே போட்டுவிட்டுக் கிழக்கே கை காட்டினான். இரண்டு மலைகள் சேரும் இடத்தில் நூல் மாதிரி புகை.

“அது எங்க ஊரு. அந்த வழிதான். ஓடிட்டா பொழுது சாயறதுக்குள்ள போய்டலாம். ஓடிடலாம்னு தோணும். ஓட மாட்டேன். ஒண்ணு போடுவேன்.”

எனக்கு முதலில் புரியவில்லை. “எல்லாக் கொட்டையும் அதுக்கா?”

“ஆமா.”

“நேத்து எத்தினி?”

“இருவது. ராவுல தோணறதுக்குப் போடறதில்ல. கோயில் பூட்டிடுவாங்க.”

“அப்ப வூட்டுக்குப் போறேன்னு சாமி கிட்ட சொல்ல வேண்டிதானேடா?”

“எப்டிரா? என்ன நேந்து வுட்டுக்கிறாங்க. அப்பாதான், மாரு சரியானா என்னக் குடுக்கறேன்னு வேண்டிக்கிச்சு. நேந்து வுட்ட ஆடு பட்டிக்குத் திரும்பி வரக் கூடாது. வந்தா வூட்டுக்கு ஆவாது.” புகையைப் பார்த்தபடியே, “எங்கம்மா தெனம் சாயந்தரம் அந்தத் தடத்துல வந்து நிக்குமாம். மாமன் வந்தப்ப சொல்லுச்சு” என்றான். பிறகு என் கையைப் பிடித்தான். “நீ சாமி கிட்ட சொல்றியா? நான் சொன்னா அப்பா சொன்ன வார்த்த போய்டும். நீ சொன்னா சாமியே அனுப்பிடும்.”

நான் மகிழ்ச்சியில் குதித்திருக்க வேண்டும். போட்டிக்காரன் தானாகவே ஒதுங்குகிறான். வாயைத் திறந்தால் இடம் எனக்கு. ஆனால் விறகைத் தூக்கிக்கொண்டு நடந்தபோது மனதுக்குள் ஓடியது வேறு. என் மூன்று வருடத்தையும் எண்ணிப் பார்த்தேன். வீட்டுக்கு ஓடிப்போக வேண்டும் என்று எத்தனை முறை தோன்றியது? பூஜ்யம். கிறிஸ்துமஸ் விடுமுறைக்குக் கண்ணமங்கலத்துக்குப் போனபோது, பையைக் கீழே வைப்பதற்குள் அம்மா, “எத்தினி நாளு லீவு?” என்று கேட்டாள். கெட்ட எண்ணத்தில் அல்ல. ஏழு பிள்ளைகள், நான் ஐந்தாவது. என் பாயில் தம்பி படுத்திருந்தான். நான்கு நாள் முன்னதாகவே மடத்துக்குத் திரும்பிவிட்டேன். அதையும் யாரும் கவனிக்கவில்லை. அன்றுவரை நான் பொறாமைப்பட்டது அவன் பக்தியைப் பார்த்து. அது பக்தியே இல்லை என்று தெரிந்த பிறகு பொறாமை குறைய வேண்டும் அல்லவா? இரண்டு மடங்காகியது.

ஆனாலும் சொன்னேன். மறுநாள் ஆன்ம வழிகாட்டலுக்கு அதிபர் சாமி அறைக்குப் போனபோது எல்லாவற்றையும், நேர்ந்து விட்டதையும் அம்மா தடத்தில் வந்து நிற்பதையும் சேர்த்து, ஒரு சொல் கூட்டாமல் சொன்னேன். என் வாழ்க்கையில் இன்னொருவனுக்காக நான் பேசிய உண்மை அது; கூடவே எனக்காகவும் என்பதை மறைக்கவில்லை.

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். “ஒன்பது, பதினான்கைப் பற்றி நீ என்னிடம் சொல்வது இது எத்தனையாவது முறை?”

“நாலாவதுங்க சாமி.”

“இதுக்கு ஒரு பேர் இருக்கு. என்ன தெரியுமா?”

“பொறாமைங்க.”

“தலையான பாவங்கள் ஏழில் ஒன்று. போ. நற்கருணை முன்னால் அரை மணி நேரம் முழங்காலில் நில்.”

நின்றேன். முப்பது நிமிடமும் நின்றேன்.

தேர்வு முடிந்த வாரம் எங்கள் இருவரையும் முற்றத்தில் நிற்க வைத்தார். அவன் அப்பா வந்திருந்தார். இடுப்பில் வேட்டி, தோளில் துண்டு, கையில் ஒரு தூக்குத் தேன். சொந்த மகன் முன்னாலேயே கை கட்டி நின்றார். அதிபர் சாமி, நான் சொன்னதைச் சோதிக்கத்தான், நேராகவே கேட்டார்: “பதினான்கு, உனக்கு வீட்டுக்குப் போகணும்னு தோணுதா?”

அவன் என்னைப் பார்த்தான். பிறகு அப்பாவைப் பார்த்தான். அவன் பொய் சொல்லத் தெரியாதவன். “தோணுங்க சாமி. தெனம் தோணும். ஆனா போவ மாட்டங்க.”

“பாத்தியா ஒன்பது?” என்றார் அதிபர் சாமி. “தோணும், ஆனால் போகமாட்டேன். இதுதான் அழைத்தல்! நாற்பது நாளும் இந்தப் பிள்ளை தன் வீட்டையே ஒறுத்தலாகக் கொடுத்திருக்கிறான்.”

“அவன் சாமிக்கு வுட்ட புள்ளைங்க. ஊரெல்லாம் சொல்லிட்டேன்” என்று அப்பா கண்ணைத் துடைத்துக்கொண்டார். அதிபர் சாமியும் துடைத்துக்கொண்டார். அழாமல் நின்றது நானும் அவனும்தான். அதிபர் சாமியை நான் இப்போது குறை சொல்லவில்லை. ஒரு டப்பா நிறைந்திருப்பதைத்தான் அவரால் பார்க்க முடிந்தது. என்னிடம் அவர் சொன்னது ஒரே வாக்கியம்: “உனக்குக் கணக்கு நல்லா வருது; உலகத்துக்கு அது வேணும்.” முப்பத்து மூன்று வருடம் கணக்கு வாத்தியாராக இருந்தேன். உலகம் வேண்டும் என்று கேட்டதாக நினைவில்லை.

இனி நான் எழுதப்போவது உங்களில் யாருக்கும் தெரியாது.

இளங்குருமடத்தில் மே மாதமே ஆங்கிலப் பாடம் தொடங்கிவிடும். அதனால் உபதேசியார் எங்கள் இருவரையும் ஒரே ஜீப்பில் மலையிறக்கினார். அவன் குருமடத்துக்கு, நான் வீட்டுக்கு. வளைவுகளில் அவன் மூன்று முறை வாந்தி எடுத்தான். போளூரில் வேலூர் பஸ் ஏறினோம். அவன் அதுவரை சமவெளியைப் பார்த்ததில்லை. “மலையெல்லாம் எங்கடா?” என்று கேட்டுக்கொண்டே வந்தான். கடைசியில் ஒரு மலையும் தெரியாமல் போனதும் கேட்பதை நிறுத்திவிட்டான்.

கண்ணமங்கலத்தில் பஸ் கால் மணி நேரம் நின்றது. உபதேசியார் டீ குடிக்க இறங்கினார். நான் என் தகரப் பெட்டியோடு இறங்கினேன். எதிரே, வந்த வழியே திரும்பிப் போகும் பஸ் ஒன்று புறப்படத் தயாராக உறுமிக்கொண்டிருந்தது. அவன் சன்னல் வழியாகக் கையை நீட்டி என் சட்டையைப் பிடித்தான்.

“டேய். அந்த பஸ்சு போளூர்ல நிக்குமா?”

எனக்குப் புரிந்தது. போளூரில் இறங்கினால் சாயந்தரம் மலைக்கு ஒரு பஸ் உண்டு. அவன் ஓடிவிட்டால் அதிபர் சாமிக்கு நான் சொன்னது உண்மை என்று தெரிந்துவிடும். இடம் என்னைத் தேடி வரும். மூன்று வருடம் நான் கேட்டது அதைத்தான். உபதேசியார் முதுகைக் காட்டிக்கொண்டு நின்றார். ‘நிக்கும்டா, இறங்கு’ என்று இரண்டு சொல் சொன்னால் போதும்.

ஆனால் எனக்குத் தெரிந்தது அந்தத் தடம். அதில் ஒரு பெண் நிற்கிறாள். இவன் இறங்கி ஓடுகிறான், அவள் பார்த்துவிடுகிறாள். இங்கே நான் பெட்டியோடு தெருவில் நடந்து போகப்போகிறேன்; வாசலில் யாரும் நிற்கப்போவதில்லை. குருமடத்தில் இடம் கிடைக்காததைக்கூடத் தாங்கிவிட்டேன். இவன் அந்தத் தடத்துக்குத் திரும்பிப் போவதை என்னால் தாங்க முடியவில்லை.

“நிக்காது. அது நேரா திருவண்ணாமல போற பஸ்சு” என்றேன்.

அவன் சட்டையை விட்டான். எதிர் பஸ் கிளம்பிப் போனது. பிறகு அவன் பஸ்ஸும் போனது. அவர் குருவானார். எனக்கு அந்த இடம் வரவில்லை.

சென்ற வருடம் நாம் கூடியபோது, சாப்பிட்டுக் கை கழுவும் குழாயடியில் நானும் அவரும் மட்டும் நின்றோம். கையை உதறிக்கொண்டே, சும்மா பேசுகிற மாதிரி சொன்னார்: “கண்ணமங்கலத்துல ஒரு பஸ்சு நின்னுச்சே, ஞாபகம் கீதாடா? போர்டுல போளூர்னு இவ்ளோ பெருசா எழுதிக்குது. எட்டாவது பாஸ் பண்ணவனுக்குப் படிக்கத் தெரியாதா?”

“அப்புறம் ஏன் கேட்ட?” என்றேன். அவரை ஒருமையில் பேசி எத்தனையோ வருடம் ஆகியிருந்தது.

“பயம்டா. எவனாவது ‘போடா’ன்னு சொன்னா எறங்கிடலாம்னு பாத்தேன். நீ சொல்லல. நான் எறங்குனா அந்த எடம் உனக்கு. தெரிஞ்சும், பொய் சொல்லி என்ன உக்கார வெச்ச. எவன்டா அப்டி வுட்டுக் குடுப்பான்? முதல் வருஷம் பூரா அதத்தான் நெனச்சிக்கினே கெடந்தேன். அப்பால பழகிப்போச்சு, அப்பால புடிச்சுப்போச்சு. இன்னிக்கும் காலப் பூசைல வேண்டிக்கிற மொதல் பேரு உன்னுதுதான். சத்தமாவே சொல்றேன். எங்க கோயில்பிள்ளைக்கு உன் பேரு மனப்பாடம்.”

வாயில் தண்ணீர் வைத்திருந்தேன். மூன்று முறை கொப்பளித்துத் துப்பினேன். அவ்வளவு நேரம் கிடைத்தும் நான் சொன்னது “ம்” மட்டும். உங்களில் ஒருவர் பாயசம் ஆறுகிறது என்று கூப்பிட்டீர்கள், போய்விட்டோம்.

நாற்பது வருடம். நாளுக்கு ஒரு பூசை. பதினாலாயிரத்து அறுநூறு, லீப் வருடங்களுக்குப் பத்து கூட்டுங்கள். அத்தனை காலையிலும் அவர் என் பெயரைச் சொல்லியிருக்கிறார், நான் செய்யாத ஒரு தியாகத்துக்காக. நான் விட்டுக்கொடுக்கவில்லை. அவர் வீட்டுக்குப் போவது எனக்குப் பொறுக்கவில்லை, அவ்வளவுதான்.

நேரில் சொல்ல எனக்குத் தைரியம் இல்லை. மலர் அவர் கைக்குப் போகும். அவர் எதையும் முதல் வரியிலிருந்து கடைசி வரிவரை படிக்கிறவர். இதை அச்சுக்குக் கொடுப்பதா வேண்டாமா என்று எட்டுப் பேரும் கூடிப் பேசி முடிவு செய்யுங்கள். கொடுப்பதானால், மறுநாள் காலை யாராவது ஒருவர் அவர் கோவிலுக்குப் போய்ப் பூசையில் முதலில் யார் பெயரைச் சொல்கிறார் என்று கேட்டு வந்து எனக்குச் சொல்லுங்கள். வேறு பெயர் என்றால், அது யாருடையது என்பதையும்.